ஒரு செடியும் அதன் பெயர்களும்: கஞ்சாவின் பொதுப்பிம்பம் மாறிய வரலாறு



மொழி மன்றத்தின் மேடையில் கஞ்சாவைப் பற்றிய உரையா என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். மருத்துவரும் சட்ட வல்லுநரும் பேச வேண்டிய பொருளை மொழி கற்பிப்போர் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் வினா நியாயமானதே. அதற்கான விடையைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவோம். கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் அமெரிக்க மக்கள் இச்செடியை முதலில் கொலைவெறியூட்டும் நஞ்சாகவும், பின்னர் நோயாளியின் மருந்தாகவும், அதன்பின் வரி செலுத்தி விற்கும் கடைச்சரக்காகவும் கண்டனர். ஆய்வுக்கூடத்துச் சான்றுகள் இம்மாற்றங்கட்கு ஓரளவே காரணம். பெயர், கதை, ஒப்பீடு ஆகிய மொழிக்கருவிகள் ஆற்றிய பணி மிகப் பெரிது. எனவே இது மொழி கற்போரும் கற்பிப்போரும் ஆராய்தற்குரிய பொருளே ஆகும்.

நாம் வாழும் சூழலையும் மறந்துவிட இயலாது. ஜொகூர் நீரிணையின் இருகரையிலும் சட்டம் கடுமையானது. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டமும் கஞ்சாவைத் தடை செய்கின்றன. கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்க அவை இடமளிக்கின்றன. ஆனால் நம் மாணவர்கள் கையிலுள்ள கைப்பேசியோ கலிபோர்னியாவின் விளம்பரத்தையும் கனடாவின் செய்தியையும் ஒரே நொடியில் கொணர்ந்து சேர்க்கிறது. அங்கே அச்சொற்கள் எவ்வாறு பிறந்தன என்பதை அறியாமல் அவற்றைப் படிக்கும் இளையோர்க்கு வழிகாட்டும் கடமை நமக்கு உண்டு.

முதலில் பெயர்களை நோக்குவோம். கஞ்சா என்னும் சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. அதே சொல் மலாய் மொழியிலும் வழங்குகிறது. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் அச்சொல்லைக் கரிபியக் கடல்வரை கொண்டுசென்றனர். இன்றும் ஜமைக்கா மக்கள் நாவில் அதுவே வழங்குகிறது. சித்த மருத்துவ மரபிலோ இதே செடிக்குக் ‘கோரக்கர் மூலி’ என்னும் பெயர் உண்டு. கஞ்சா என்றால் நம் உள்ளத்தில் புகையும் காவல்துறையும் தோன்றுகின்றன. மூலி என்றால் உரலும் சூரணமும் தோன்றுகின்றன. இரண்டும் சுட்டுவது ஒரே செடியைத்தான். ஒரு பொருளுக்கு இரு பெயர் இருந்தால் அதற்கு இரு முகங்கள் உண்டு என்பதை நம் மொழியே நமக்குக் காட்டுகிறது.

ஐரோப்பாவில் இச்செடி நாருக்காகப் பயிரிடப்பட்டது. கப்பற்பாய்க்கு வழங்கும் ‘கேன்வாஸ்’ என்னும் சொல் ‘கன்னபிஸ்’ என்பதிலிருந்து பிறந்ததே. லின்னேயஸ் 1753இல் இதற்குக் ‘கன்னபிஸ் சட்டைவா’ என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து கிடைத்த வகைக்கு லமார்க் 1785இல் ‘கன்னபிஸ் இண்டிகா’ என்று பெயரிட்டார். நார்ப்பயிரைக் குறிக்கும் ‘ஹெம்ப்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நம்மவர் சணல் என்று மொழிபெயர்க்கின்றனர். நமக்குச் சணல் என்பது சாக்குப்பை நெய்யும் வேறொரு பயிர். இம்மொழிபெயர்ப்பினால் தமிழ் வாசகர் குழம்புவது இயல்பே.

கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ஓஷாநெஸி, இந்நாட்டு மருத்துவர் கஞ்சாவைப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்து 1839இல் கட்டுரை வெளியிட்டார். அதன் பின்னரே மேலை மருத்துவம் இதனைப் பரவலாக ஏற்றது. 1850 முதல் 1942 வரை அமெரிக்க மருந்துக் கோவையில் இது இடம்பெற்றிருந்தது. இந்தியாவில் ஆங்கில அரசு 1893இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. அவ்வாணையம் ஏறத்தாழ 1,200 பேரிடம் சாட்சியம் கேட்டது. அளவோடு பயன்படுத்துவோர்க்குக் குறிப்பிடத்தக்க கேடு இல்லை என்றும், மிகையாகப் பயன்படுத்துவது தீங்கு தரும் என்றும், முழுத் தடை தேவையில்லை, கட்டுப்பாடும் வரியும் போதும் என்றும் அது 1894இல் முடிவுரைத்தது. அம்முடிவு இன்றைய அறிவியலுக்கு ஈடாகாது. எனினும் பரபரப்பின்றிக் கேட்டறிந்து எழுதப்பட்ட ஆவணம் என்ற வகையில் அது நினைக்கத்தக்கது.

இத்தகைய பொருள் நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் பேயுருவம் பெற்றது எங்ஙனம்? இங்குதான் மொழியின் முதல் ஆட்டம் தொடங்குகிறது. 1930இல் அமெரிக்கக் கூட்டரசின் போதைப்பொருள் பிரிவுக்குத் தலைவரான ஹாரி ஆன்ஸ்லிங்கர், 1962 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் ‘கன்னபிஸ்’ என்னும் மருந்துப் பெயரை விடுத்து, மெக்சிகோவிலிருந்து வந்த எளிய மக்களோடு தொடர்புபட்ட ‘மரிஹுவானா’ என்னும் பெயரையே முன்னிறுத்தினார். அயலார் மீதிருந்த அச்சமும் கறுப்பின மக்கள் மீதிருந்த வெறுப்பும் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டன. கஞ்சா புகைத்தோர் கொலை செய்ததாகக் கூறும் கதைகள் இதழ்களில் வெளிவந்தன. அவர் 1937இல் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பே இச்செடியை இளையோரைக் கொல்லும் கொலையாளி என்று அழைத்தது.

அவ்வாண்டு சட்டமன்றக் குழுவின் முன் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் சார்பில் வில்லியம் வுட்வர்ட் சாட்சியமளித்தார். அவர் மருத்துவரும் வழக்கறிஞருமாவார். சட்ட வரைவில் கூறப்படும் மரிஹுவானா என்பது தாம் மருந்தாக எழுதித்தரும் கன்னபிஸ்தான் என்பதை மருத்துவர்கள் மிகவும் காலந்தாழ்த்தியே அறிந்தனர் என்று அவர் முறையிட்டார். கொலை, குற்றம் ஆகியவற்றிற்குச் செய்தித்தாள் கூற்றுகளைத் தவிர நேரடிச் சான்று எங்கே என்றும் வினவினார். அவர் குரல் எடுபடவில்லை. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் மரிஹுவானா வரிச்சட்டம் நடப்புக்கு வந்தது. ஒரு பெயர்மாற்றத்தினால் அறிந்தோர் வாய் அடைபட்ட நிகழ்ச்சி இது. ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு அவசியம் எடுத்துரைக்கலாம்.

ஐந்தாண்டுகள் கழிந்தன. உலகப் போரில் கயிறும் பாயும் தேவைப்பட்டபோது, அதே நாட்டின் வேளாண் துறை 1942இல் உழவரை இச்செடியைப் பயிரிடுமாறு ஊக்குவித்து ஒரு படம் எடுத்தது. அப்படத்தில் அதன் பெயர் ஹெம்ப். அப்பெயர் வெற்றி என்னும் சொல்லோடு இணைத்துப் பேசப்பட்டது. மயக்கும் வேதிப்பொருள் மிகுந்த வகைக்கும் நார்வகைக்கும் வேறுபாடு உண்டு என்பது உண்மை. ஆயினும் பகையென்ற பெயரும் நட்பென்ற பெயரும் ஒரே குடும்பத்துச் செடிக்கு அரசின் தேவைக்கேற்ப மாறி வந்தன என்பதும் உண்மை.

மிகைப்பட்ட அச்சம் நீண்டநாள் நிற்பதில்லை. கஞ்சா புகைத்த இளையோர் சித்தம் கலங்கிக் கொலைகாரராவதாகக் காட்டிய ‘ரீஃபர் மேட்னஸ்’ என்னும் படம் 1936இல் எடுக்கப்பட்டது. பெற்றோரை எச்சரிப்பதே அதன் நோக்கம். 1970களில், சட்டமாற்றத்தை வேண்டிய இயக்கத்தினரே அப்படத்தைத் தேடியெடுத்துக் கல்லூரிகளில் திரையிட்டனர். மாணவர் வயிறு குலுங்கச் சிரித்தனர். அச்சுறுத்த எடுத்த படம், அச்சுறுத்துவோரை நம்பாதீர் என்று கூறும் படமாயிற்று. தாம் கண்ட வாழ்வுக்கும் அரசு கூறிய கதைக்கும் பொருத்தமில்லை என்று உணர்ந்த இளையோர், அதே வாய் கூறிய மெய்யான எச்சரிக்கைகளையும் தள்ளிவிட்டனர். போதைப்பொருள் ஒழிப்புப் பரப்புரையில் ஈடுபடுவோர் இதனினும் பெரிய பாடத்தைக் கற்க இயலாது. 1972இல் அதிபர் நிக்சன் அமைத்த ஆணையமே, சொந்தப் பயன்பாட்டிற்குச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டா என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை.

அக்காலத்தே பொதுமக்கள் கருத்து எவ்வாறிருந்தது? 1969இல் கேலப் நிறுவனம் எடுத்த கணிப்பில் சட்டப்படி அனுமதிக்கலாம் என்றோர் 12 விழுக்காட்டினர் மட்டுமே. 2000இல் அது 31 விழுக்காடாயிற்று, 2013இல் 58, 2023இல் 70. இவ்வேற்றத்திற்குப் பல காரணங்கள் உண்டு. தலைமுறை மாறியதும் அவற்றுள் ஒன்று. ஆயினும் இயக்கத்தினர் திட்டமிட்டு அமைத்த மூன்று பிம்பங்களை நாம் தெளிவாகக் காணலாம்.

முதலாவது, நோயாளியின் முகம். 1980களில் சான் பிரான்சிஸ்கோ நகரை எய்ட்ஸ் நோய் வாட்டியது. உணவு வெறுத்து மெலிந்த நோயாளிகட்கு மேரி ராத்பன் என்னும் மூதாட்டி கஞ்சா கலந்த கேக் துண்டுகளைச் சுட்டு இலவசமாக வழங்கினார். அவர் கைது செய்யப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. நீண்ட முடி வளர்த்த ஹிப்பி இளைஞனின் உருவம் இருந்த இடத்தில், நோயாளிக்குப் பலகாரம் தரும் பாட்டியின் உருவம் வந்து அமர்ந்தது. அவருடைய தோழர் டென்னிஸ் பெரோன் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக 1996இல் கலிபோர்னியா மக்கள் மருத்துவப் பயன்பாட்டை வாக்களித்து ஏற்றனர். அச்சட்டத்தின் பெயரிலேயே ‘பரிவு’ என்னும் சொல் இருந்தது. பரிவுக்கு எதிராக வாக்களிக்க யார் முன்வருவர்?

இப்பிம்பம் 2013இல் மேலும் வலுப்பெற்றது. கொலராடோவில் டிராவே நோய்க்குறியால் ஓயாத வலிப்புக்கு ஆளான சார்லட் ஃபிகி என்னும் சிறுமியைச் சஞ்சய் குப்தா என்னும் மருத்துவர் தம் தொலைக்காட்சிப் படத்தில் காட்டினார். அச்சிறுமிக்குத் தரப்பட்டது மயக்கம் தராத சிபிடி என்னும் பொருள் மிகுந்த வகை. மயக்கம் தராததனால் ‘ஹிப்பியின் ஏமாற்றம்’ என்று கேலியாக அழைக்கப்பட்டிருந்த அச்செடி, பின்னர் அச்சிறுமியின் பெயரையே தாங்கியது. கண்ணீர் வரவழைக்கும் அக்கதை பல மாநிலங்களின் சட்டங்களை அசைத்தது. ஒரு குழந்தையின் கதை சான்றாகாது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். முறையான மருத்துவச் சோதனைகள் நடந்தன. அவற்றின் பின்னரே 2018இல் சிபிடியிலிருந்து தூய்மை செய்த ‘எபிடியோலெக்ஸ்’ என்னும் மருந்துக்கு அமெரிக்க மருந்துத் துறை ஒப்புதல் தந்தது. கதை கதவைத் தட்டியது. கதவைத் திறந்தது சோதனை.

இரண்டாவது பிம்பம் ஒப்பீட்டால் அமைந்தது. கொலராடோவில் 2006இல் நடந்த வாக்கெடுப்பில் கஞ்சாவுக்கு அனுமதி வேண்டிய முயற்சி தோற்றது. அதே மாநிலத்தில் 2012இல் வந்த முயற்சி, மதுவைப் போலவே மரிஹுவானாவையும் ஒழுங்குபடுத்துவோம் என்று தன் பெயரிலேயே கூறியது. கேள்வி மாறிவிட்டதைக் கவனியுங்கள். கஞ்சா நல்லதா தீயதா என்பது பின்னுக்குச் சென்றது. நீங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட மதுவுக்கும் இதற்கும் ஏன் வேறு நீதி என்பது முன்னுக்கு வந்தது. கள்ளச்சந்தையில் போகும் பணம் பள்ளிக்கூடம் கட்ட வரியாக வரட்டும் என்றும் பேசினர். முயற்சி வென்றது. மது மிகுந்த கேடு தருவது என்றால், அதனோடு இன்னொன்றையும் சேர்ப்பது எங்ஙனம் தீர்வாகும் என்னும் எதிர்வினா அவ்வொப்பீட்டினுள் மறைந்து போயிற்று.

மூன்றாவது பிம்பம் நீதியைப் பற்றியது. வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவில் கஞ்சாவைப் பயன்படுத்தியபோதும், வைத்திருந்த குற்றத்திற்காகக் கறுப்பினத்தார் கைதாகும் வாய்ப்பு 3.7 மடங்கு மிகுதி என்று அமெரிக்கக் குடியுரிமை ஒன்றியம் 2013இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. கைதுப் பதிவினால் வேலையும் வீடும் இழந்தோர் பலர். இங்கே படிமம் செடியிலிருந்து விலகிச் சிறைக்கதவின் மேல் விழுந்தது. இம்மூன்றனுள் சான்றின் வலிமை மிகுந்தது இதுவே எனலாம். 2022இல் வாஷிங்டன் மாநிலம் தன் சட்ட நூல்களிலிருந்து ‘மரிஹுவானா’ என்னும் சொல்லை நீக்கிக் ‘கன்னபிஸ்’ என்று எழுதியதும் இவ்வுணர்வினால்தான். 1937இல் வுட்வர்ட் எழுப்பிய முறையீட்டிற்கு எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு மாநிலம் விடை கூறியது.

இனி, புதிய பிம்பம் எதனை மறைத்தது என்பதையும் நேர்மையோடு பார்ப்போம். 1995இல் அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் மயக்கம் தரும் டிஎச்சி என்னும் பொருள் சராசரியாக 4 விழுக்காடு இருந்தது. 2014இல் அது 12 விழுக்காடாயிற்று. பாட்டன் புகைத்ததும் பேரன் புகைப்பதும் பெயரளவில் ஒன்று, வீரியத்தில் வேறு. அமெரிக்க அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட பெரும் அறிக்கை, நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தினால் வரும் குமட்டல் முதலியவற்றிற்குப் பயன் உண்டு என்று கூறியது. அதே அறிக்கை, மிகுதியாகப் பயன்படுத்துவோரிடம் மனச்சிதைவு நோய் தோன்றும் இடர் கூடுகிறது என்றும், இளவயதில் தொடங்குவோர் பழக்கத்திற்கு அடிமையாகும் இடர் மிகுதி என்றும் கூறியது. முதற்பகுதியை ஒருசாரார் மேற்கோள் காட்டுகின்றனர். பிற்பகுதியை மறுசாரார் காட்டுகின்றனர். முழுமையாகப் படிப்போர் சிலரே.

கடைக்கு வந்த பின் வணிகத்தின் மொழியும் சேர்ந்துகொண்டது. கொலராடோவில் மிட்டாய் வடிவில் கஞ்சாப் பண்டங்கள் விற்கப்பட்டன. குழந்தைகள் அறியாது உண்ட நிகழ்வுகள் நேர்ந்தன. ஆகவே 2016இல் அம்மாநிலம் இப்பண்டங்களின் உறைமேல் ‘மிட்டாய்’ என்னும் சொல்லையே அச்சிடக் கூடாது என்று விதித்தது. ஒரு சொல் குழந்தையின் கையை நீளச் செய்யும் என்பதை ஓர் அரசு உணர்ந்து சட்டமாக்கியது. கனடா 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுதும் அனுமதித்தபோது, உறை எளிமையாக இருக்க வேண்டும், எச்சரிக்கை வேண்டும், இளையோரைக் கவரும் விளம்பரம் கூடாது என்று தொடக்கத்திலேயே கட்டளையிட்டது. நம் அண்டையிலுள்ள தாய்லாந்தோ 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. விரிவான விதிகள் வருமுன்னரே கடைகள் பெருகின. 2025இல் மருத்துவச் சீட்டு இருந்தாலன்றி விற்கலாகாது என்று அந்நாடு மீண்டும் இறுக்கியது. ‘மருத்துவம்’ என்னும் சொல்லைச் சொல்லித் திறந்த கதவின் வழியே வேறு பலவும் நுழைந்தன.

இவ்வரலாற்றிலிருந்து தமிழாசிரியர் பெறும் பணி யாது? சொற்களைத் துல்லியமாக வழங்குவதே முதற்பணி. ‘சட்டபூர்வமாக்கினர்’ என்று நம் செய்திகளில் ஒரே சொல்லால் கூறப்படுவன உண்மையில் மூன்று. மருத்துவர் சீட்டின்படி மட்டும் அனுமதிப்பதை மருத்துவ அனுமதி எனலாம். பொருள் தடையிலேயே இருக்க, சிறிதளவு வைத்திருப்போரைக் குற்றவாளியாக்காமல் விடுவதைக் குற்றநீக்கம் எனலாம். ஜமைக்கா 2015இல் செய்தது பெரும்பாலும் இத்தகையது. விளைத்தல், விற்றல், வரி அனைத்தையும் அரசு ஒழுங்குபடுத்துவதைச் சட்ட ஏற்பு எனலாம். 2013இல் உருகுவேயும் பின்னர்க் கனடாவும் செய்தது இது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாட்டுப் போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்னும் வாக்குகளால் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து மட்டும் நீக்கியது. அது உலகெங்கும் அனுமதி தந்ததாகப் பரவிய செய்தி தவறு. ஏனைய கட்டுப்பாடுகள் அப்படியே இருந்தன.

அடைமொழி ஒன்று விடுபட்டாலும் பொருள் தலைகீழாகும். 2023இல் மலேசியா நீக்கியது கட்டாய மரண தண்டனையை. அதாவது, தீர்ப்பைத் தேரும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்தது. மரண தண்டனை சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ‘கட்டாய’ என்னும் சொல்லை விட்டுவிட்டுத் தலைப்பெழுதினால், அதனைப் படிக்கும் இளைஞன் ஒருவன் தன் உயிரையே பணயம் வைக்கும் தவறான துணிவைப் பெறக்கூடும். இலக்கணப் பிழையினும் இப்பிழை கொடிது.

மக்களைக் குறிக்கும் சொற்களும் கவனிக்கத்தக்கவை. போதைப் பழக்கத்திற்கு ஆளானவரை ஓரிடத்தில் ‘போதைப்பித்தர்’ என்கிறோம். மற்றோரிடத்தில் ‘போதைப் புழங்கி’ என்கிறோம். பித்தர் என்னும் சொல் அவரைத் திருந்த இயலாதவராக ஒதுக்குகிறது. வீட்டில் ஒருவர் இப்பழக்கத்தில் வீழ்ந்திருக்க, அச்சொல்லை வகுப்பில் கேட்கும் மாணவன் உதவி நாடுவானா, மறைப்பானா? சட்டத்தின் கடுமையை ஏற்கும் சமுதாயமும் மனிதரைச் சுட்டும் சொல்லில் இரக்கம் காட்டலாம். அதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

மாணவர்களே, இப்பொருளைப் பற்றி எதைப் படித்தாலும் நான்கு வினாக்களைக் கேளுங்கள். இச்செய்தி செடியை எப்பெயரால் அழைக்கிறது? யாருடைய முகத்தை முன்னிறுத்துகிறது, யாருடைய முகத்தை மறைக்கிறது? எதனோடு ஒப்பிடுகிறது? கூறியோர்க்கு இதனால் வரும் ஆதாயம் யாது? இவ்வினாக்கள் அச்சுறுத்தும் சுவரொட்டிக்கும் பொருந்தும்; கவர்ந்திழுக்கும் விளம்பரத்துக்கும் பொருந்தும். ஆசிரியப் பெருமக்கள் 1937இன் கட்டுரைத் தலைப்பையும் இன்றைய கடை விளம்பரத்தையும் அருகருகே வைத்து ஒரு கட்டுரைப் பயிற்சி நடத்தலாம். எச்சரிக்க வேண்டிய இடத்தில் மிகையின்றி எச்சரியுங்கள். பொய் கலந்த எச்சரிக்கையை மாணவர் ஒருநாள் கண்டுகொள்வர். கண்டபின் நம் மெய்யையும் நம்பார்.

எந்நாடு எச்சட்டத்தை இயற்ற வேண்டும் என்பதை அந்நாட்டு மக்களும் மன்றங்களும் முடிவு செய்வர். அம்முடிவு அச்சத்தின் பெயராலோ ஆதாயத்தின் பெயராலோ அமையாமல், பொருளைப் பொருளாகக் காட்டும் சொல்லால் அமைய வேண்டும். அத்தகைய சொல்லை ஆக்கித் தருவதும் காத்து நிற்பதும் மொழியாசிரியர் கடமை. அக்கடமையை நாம் அனைவரும் ஏற்போமாக.